பையில் ஒரு கத்தி

வத்திராயிருப்புப் பக்கம் வயலுக்குப் போகிறவர் கையில் அரிவாள் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே அரிவாள் இரவுச் சோதனையில் பைக் சீட்டுக்கடியில் சிக்கினால் வழக்குதான்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உரிய கருவிகளை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிடுகிறது. மற்றக் கத்திகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பதும், மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளுக்குத்தான். ஆக, ஏட்டில் பார்த்தால் சிறு கத்திக்குப் பெரிய தடை இல்லை. நடைமுறையில் உங்களை நிறுத்தும் எஸ்.ஐ. என்ன நினைக்கிறார் என்பதே சட்டம்.

விலக்கு நியாயமானது. இளநீர்க்காரரும் கசாப்புக் கடைக்காரரும் உரிமம் கேட்டு கலெக்டர் ஆபீசில் நிற்க முடியாது. ஆனால் தென்மாவட்டங்களின் பழிக்குப்பழிக் கொலைகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதே விவசாயக் கருவிதான். 2021இல் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, அரிவாள் வாங்குவோரின் விவரத்தைப் பட்டறைகள் எழுதிவைக்க வேண்டும் என்றார். நோக்கம் சரி, சுமையோ கொல்லர் தலையில். அறுப்புக்கு வாங்குகிறவரா ஆளை வெட்ட வாங்குகிறவரா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

தற்காப்பு என்று வந்தால் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள், பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிராளியின் உயிர் போனாலும் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. 2021 ஜனவரியில் சோழவரம் அருகே, கத்தி முனையில் மிரட்டியவனைத் தள்ளிவிட்டு அவன் கத்தியாலேயே குத்திய இளம்பெண்ணைப் பழைய சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி போலீசார் விடுவித்தார்கள். தற்காப்புக்குக் கத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்கள் இந்த வழக்கை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எனக்கோ அது எதிர்த்திசையில் பேசுகிறது. கத்தி கொண்டுவந்தவன் அவன், செத்தவனும் அவன். பிடுங்கிக்கொள்ள ஒரு கை போதும். அதுவே அந்தப் பெண்ணின் பையிலிருந்து வந்த கத்தியாக இருந்திருந்தால், முன்கூட்டியே திட்டமிட்டாயா என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

சிவகாசிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டாசு ஆலையின் மருந்து அறைகளில் இரும்புக்கு இடமில்லை. உராய்ந்தால் பொறி பறக்கும் என்பதால் பித்தளை, செம்பு, மரக் கருவிகள்தான். ஆலை வேன் இறக்கிவிடும் ஊர் எல்லையிலிருந்து இருட்டில் தனியே நடந்து வீடு திரும்பும் பெண் தொழிலாளிக்கு, "ஒரு கத்தி வச்சுக்கம்மா" என்று யோசனை சொல்வது சுலபம். அதைப் பையில் போட்டுக்கொண்டு அவர் எப்படி வேலைக்குப் போவார்?

எனவே தற்காப்புக்காகக் கத்தி தூக்க அனுமதி கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலைக் கருவியோடு போகிறவரை எப்போது சந்தேகிக்கலாம் என்பதைக் காவல்துறை எழுத்தில் வெளியிடட்டும். ஆலை முதலாளிகள் வேனை ஊர் எல்லையில் நிறுத்தாமல் தெரு வரை அனுப்பட்டும்.