எல்லை வகுத்த எண்

1983-இல் அமெரிக்காவில் தர நிர்ணயம் பெற்ற அடா என்னும் கணினி மொழியில் என் மனத்தை மிகவும் கவர்ந்த விசேஷம், ஓர் எண்ணை முழு எண் என்று மாத்திரம் அறிவித்து அமையாமல், மாதமாயின் 1 முதல் 12 வரை என்று அதன் எல்லையையும் உடன் எழுதிவைக்க அது இடந்தருவதேயாகும். நிரலைத் தொகுக்கும் வேளையில் புலப்படும் பிழைகள் அப்போதே வெளிப்பட்டுவிடும். உணர்கருவியிலிருந்தோ மனிதர் விரலிலிருந்தோ பின்னர் வந்து சேரும் மதிப்பையோ, நிரல் ஓடும்போதே பரிசோதித்து, 13 என்று வந்தால் அக்கணமே விதிவிலக்கு என்னும் பிழை அறிவிப்பை எழுப்பி நிறுத்துகிறது அம்மொழி. தவறான மதிப்பு உள்ளே வெகுதூரம் சஞ்சரித்து வேறெங்கோ விபரீதம் விளைப்பதைவிட, வாசலிலேயே தடுக்கப்படுவது எவ்வளவு சௌகரியம்!

ஆயினும் தடுத்தபின் செய்ய வேண்டுவதையும் மனிதரே எழுதியாக வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில், அடா நிரல் ஓடிய வழிகாட்டுக் கணினியில், கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணொன்று 16 பிட் முழு எண்ணில் அடங்காமற்போக, விதிவிலக்கு எழுந்தது. ஏற்பாரின்றிக் கணினி நின்றது. ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிஷத்திற்குள் சிதறியது. அபாயத்திற்குட்பட்ட ஏழு மாறிகளுள் நான்கிற்கே பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. கணினியின் வேலைப்பளுவைக் குறைக்கும் பொருட்டு, எல்லை மீறாதென்ற அனுமானத்தில் மூன்று விடப்பட்டன. அந்த அனுமானம், அந்நிரல் முன்னர் ஓடிய ஏரியான் 4-க்குப் பொருந்தியது; ஏரியான் 5-க்குப் பொருந்தவில்லை.

வேகத்தை உத்தேசித்துச் சோதனைகளை நீக்க முற்படும் இளைஞர்கள், அந்த விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கையை முதலில் ஒருமுறை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.