காணுமா, காணாதா?

திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் மழை பெய்த மறுநாள் காலை சம்சாரி மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்துவார். ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கையால் பிசைந்து பார்ப்பார். "உழவுக்குக் காணும்" என்பார், அல்லது "காணாது". எத்தனை மில்லிமீட்டர் என்பது அவருக்கு வேண்டாத கணக்கு.

ஜிமேட் தேர்வின் 'டேட்டா சஃபிஷியன்சி' கேள்விகள் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். மேலாண்மைப் படிப்பில் சேர 1954 முதல் நடக்கும் தேர்வு அது. ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல்கள். விடையைக் கேட்பதில்லை. முதல் தகவல் மட்டும் காணுமா, இரண்டாவது மட்டும் காணுமா, இரண்டும் சேர வேண்டுமா, எதுவானாலும் தனியாகவே காணுமா, சேர்ந்தாலும் காணாதா என்பதே கேள்வி.

அருப்புக்கோட்டை டீக்கடைக் கணக்காக ஒன்று போட்டேன். டீ 12 ரூபாய், வடை 7 ரூபாய். எத்தனை டீ வாங்கினார்கள்? முதல் தகவல்: டீயும் வடையுமாக மொத்தம் ஏழு. இரண்டாவது: மொத்தம் 74 ரூபாய் ஆனது.

தெரியாதவை இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு, ஆகவே இரண்டும் வேண்டும் என்று பள்ளிக்கூடப் பழக்கம் சொல்லும். அவசரப்படக் கூடாது. முதல் தகவலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கால் வடை, அரை வடை விற்பதில்லை. எல்லாம் முழு எண். 12க்கும் 7க்கும் ஒன்றைத் தவிர பொதுக் காரணி கிடையாது. அதனால் அதே 74 ரூபாய்க்கு இன்னொரு விடை வேண்டுமென்றால் ஏழு டீ கூடி, பன்னிரண்டு வடை குறைய வேண்டும். ஏழு டீக்கே 84 ரூபாய் ஆகிவிடுமே! இரண்டாவது விடைக்கு இடமில்லை. வாங்கியது நடந்த விஷயம், எனவே ஒரு விடை நிச்சயம் உண்டு. இரண்டாவது தகவல் தனியாகவே காணும். ஐந்து டீ, இரண்டு வடை என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடலாம். எவ்வளவு அழகு!

வடை விலையை 6 ஆக்கி, மொத்தத்தை 72 ஆக்குங்கள். டீ பூஜ்யம் முதல் ஆறு வரை எதுவானாலும் கணக்குச் சரியாக வரும். ஏழு வழிகள், அந்தத் தகவல் மட்டும் காணாது. விலையில் ஒரு ரூபாய்தான் குறைந்தது.

2023 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் இந்தக் கேள்விகளைக் கணிதப் பகுதியிலிருந்து தரவுப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மனசு மட்டும் பழைய இயற்கணிதக் கேள்விகளிடமே நிற்கிறது. x-இன் வர்க்கம் 9 என்று ஒரு தகவல். x எவ்வளவு என்று கேட்டால் காணாது. 3 ஆகலாம், மைனஸ் 3 ஆகலாம். x, 5ஐவிடப் பெரியதா என்று கேட்டால் எதுவானாலும் 'இல்லை'தான். அதற்கு அந்த ஒரே தகவல் காணும்.