நம்பப்பட்ட பிள்ளைகள்

தொலைவிலிருந்து ஒரு தந்தி வருகிறது. அனுப்பியவர் கடற்படை அதிகாரியான தந்தை. பெறுபவர்கள், வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கோடை விடுமுறையைக் கழிக்க வந்திருக்கும் தாயும் பிள்ளைகளும். ஏரியின் நடுவே உள்ள ஆளில்லாத தீவுக்குத் தாங்களே பாய்மரப் படகைச் செலுத்திச் சென்று, கூடாரமடித்துத் தங்கலாமா என்று பிள்ளைகள் கேட்டிருந்தனர். விவேகமுள்ளவர்கள் மூழ்கமாட்டார்கள், விவேகமற்றவர்கள் மூழ்கினால் இழப்பொன்றுமில்லை என்று பொருள்படும் குறும்பான விடை வருகிறது. அதுவே அனுமதி.

ஆர்தர் ரான்சம் 1930இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி, கிளாட் வாத்தம் இயக்கத்தில் 1974இல் வெளிவந்த ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ என்னும் திரைப்படம் இவ்வாறுதான் தன் பயணத்தைத் தொடங்குகிறது. கதை நிகழும் ஆண்டு 1929. இன்றைய பெற்றோர் பலருக்கு அத்தந்தி பொறுப்பற்ற செயலாகத் தோன்றக்கூடும். எனக்கும் முதன்முறை பார்த்தபோது அவ்வாறே தோன்றியது. மறுமுறை பார்த்தபோதுதான், அச்சொற்கள் பிள்ளைகளின் தோளில் எத்தகைய சுமையை ஏற்றுகின்றன என்பது விளங்கிற்று.

விவேகமுள்ளவர்கள் என்று நம்பப்பட்டவர்கள், விவேகமுள்ளவர்களாகவே நடந்தாக வேண்டும். மூத்தவன் ஜான் தலைவனாகிறான். சூசன் அடுப்பையும் உணவையும் ஒழுங்கையும் கவனிக்கிறாள். டிட்டி மாலுமியாகவும், சிறுவன் ராஜர் கப்பல் பையனாகவும் பதவியேற்கின்றனர். விளையாட்டுத்தான், ஆனால் காற்று உண்மையானது, ஆழமும் உண்மையானது. எதிரணியாக வரும் நான்சி, பெக்கி என்னும் சகோதரியர் இருவரும் ‘அமேசான்’ என்ற படகில் கடற்கொள்ளையராகத் திரிகின்றனர். இரவில் தனித்திருக்கும் டிட்டி அப்படகைக் கைப்பற்றும் காட்சியில், அச்சமும் துணிவும் ஒரே சிறுமுகத்தில் மாறி மாறித் தெரிகின்றன.

எனினும் படத்தின் உயிர் இந்தச் சாகசங்களில் இல்லை என்பது என் துணிபு. ஏரியில் ஒரு படகு வீட்டில், தன் நினைவுகளை நூலாக எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் வாழ்கிறார். நான்சி, பெக்கி ஆகியோரின் மாமா அவர். சிறுவர் உலகில் அவர் பெயர் கேப்டன் ஃபிளின்ட். அவருடைய படகு வீட்டின் கூரையில் வெடி வைத்தவர்கள் அவருடைய மருமகள்களே. பழியோ ஜான் மீது விழுகிறது. திருடர்கள் குறித்து எச்சரிக்கும்படி, காட்டில் கரிமூட்டம் போடும் முதியவர்கள் சொல்லியனுப்பிய செய்தியைச் சுமந்து ஜான் படகு வீட்டுக்குச் செல்கிறான். ஃபிளின்ட் கேட்க மறுக்கிறார். அவனைப் பொய்யன் என்கிறார். தொலைவிலிருந்த தந்தை கண்ணால் காணாமலேயே நம்பினார். எதிரே நின்ற மனிதரோ முகத்தைக் கண்டும் நம்பவில்லை.

விளைவு என்ன? எச்சரிக்கை வீணாகிறது, திருட்டு நிகழ்கிறது, அவர் எழுதிய நூலின் பிரதி இருந்த பெட்டி களவாடப்படுகிறது. சிறுவனின் சொல்லை மதியாதவர் தம்முடைய சொற்களையே இழக்கிறார். அவற்றை மீட்டுத் தருவதும் சிறார்தாம்! திருடர்கள் இரவில் பேசியதைக் கேட்ட டிட்டி, ராஜருடன் சென்று அப்பெட்டியைக் கண்டுபிடிக்கிறாள். உண்மையை அறிந்த ஃபிளின்ட், சிறுவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். பெரியவர் ஒருவர் சிறியவர் முன் தலைகுனியும் இக்காட்சி, எத்தனை வெடிகளையும்விட உரத்து ஒலிக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. நிகழ்ச்சிகள் சில இடங்களில் தொடர்பற்று நிற்கின்றன. திருடர்கள் வெறும் நிழல்கள். பெரியவர்களை ‘நாட்டு மக்கள்’ என்றும் காட்டுமிராண்டிகள் என்றும் அழைக்கும் விளையாட்டில், பேரரசுக் காலத்து இங்கிலாந்தின் கண்ணோட்டம் கேள்வியின்றி வந்து நுழைகிறது. சூசனுக்கு மட்டும் சமையல் ஒதுக்கப்படுவதும் அக்காலத்தின் முத்திரையே.

ஆனால் இயக்குநர் அவசரப்படவில்லை. காற்றுக்காகக் காத்திருக்கும் படகையும், நீரில் படியும் மாலை ஒளியையும் அமைதியாகக் காட்டுகிறார். தாயாக வரும் வர்ஜீனியா மெக்கென்னா, தனித்திருக்கும் மகளைக் காணத் தீவுக்கு வந்து, அவளுடைய கற்பனைக் கதைக்குள் தாமும் ஒரு பாத்திரமாகிவிடுகிறார். அவர் அவளைக் கண்காணிக்க வந்தவராகத் தோன்றவில்லை. விருந்தினராக வந்தவராகவே தோன்றுகிறார். பிள்ளைகளை நம்புவது என்றால் அவர்களைக் கைவிடுவது அன்று என்பதை, ஒரு பிரசங்கமும் இன்றி இக்காட்சி உணர்த்துகிறது.

2016இல் இதே கதை மீண்டும் படமானபோது, ஒற்றர்களும் துரத்தல்களும் சேர்க்கப்பட்டன. ரான்சம் புரட்சிக்கால ரஷ்யாவில் செய்தியாளராக இருந்தவர். பிரிட்டனின் உளவுத்துறையோடு தொடர்புடையவர். எனவே அச்சேர்க்கைக்கு அவர் வாழ்விலேயே ஒரு சாக்கு உண்டு. ஆயினும், ஒரு படகும் ஒரு தீவும் ஒரு பொய்க்குற்றச்சாட்டும் சிறாரின் மனத்தைக் கட்டிப்போடப் போதாது என்ற ஐயமே அதில் வெளிப்படுகிறது. அதுவும் பிள்ளைகள் மீதான ஒருவகை அவநம்பிக்கைதான்.

சிறுவன் ஒருவனின் சொல்லைக் கேளாமலே தீர்ப்பிட்ட பெரியவர்களின் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். பிறகு உண்மை தெரிந்தபோது அவனைத் தேடிப் போகவில்லை; அவன் மறந்திருப்பான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஃபிளின்ட் தம் படகை அச்சிறுவனின் தீவை நோக்கிச் செலுத்தும்போது, நான் செல்லாத வழி திரையில் நீண்டு கிடந்தது. பிள்ளைகளுக்கான படம் என்று இதனை அவர்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்களருகே அமர்ந்து நாமும் பார்ப்போம். நம்மில் யாரேனும் செலுத்த வேண்டிய படகு இன்னும் கரையிலேயே கிடக்கக்கூடும்.