ஒருமுறை வரைந்த எழுத்து

படம் பார்க்க உட்கார்ந்தால் சப்டைட்டிலை அணைக்கச் சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கீழே எழுத்து ஓடினால் கண் முகத்தில் நிற்காதாம். எனக்கு நேர்மாறு. முகங்களை விட்டுவிட்டு, எழுத்து எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கிறுக்கு ஜப்பானிய அனிமே தொடர்களின் தொடக்கப் பாடல்களில் பிடித்தது. அவற்றுக்கு ரசிகர்களே மெனக்கெட்டுச் செய்யும் கரோக்கி வரிகள் உண்டு. பாடகி ஓர் அசையை இழுத்தால் நிறமும் அந்த அசையின் மேல் மெல்ல இழுபடும். எழுத்தைச் சுற்றி ஓர் ஒளி இருக்கும். அடி முடிந்ததும் வரி பனிபோலக் கரையும்.

அப்போது என்னிடமிருந்த பழைய லேப்டாப்பில், ஒரு பிளேயரில், பாட்டு வந்தால் போதும், படம் திக்க ஆரம்பித்துவிடும். ஃபேன் இரையும். பாட்டு முன்னால் போகும், உதடு பின்னால் வரும். அதே கோப்பை எம்பிவி என்ற பிளேயரில் போட்டேன். அதே லேப்டாப்தான், வழுக்கிக்கொண்டு ஓடியது. காரணம் தேடிப் போனபோது லிப்ஆஸ் அறிமுகமானது.

லிப்ஆஸ், சி மொழியில் எழுதிய ஒரு நிரல் நூலகம். எம்பிளேயர் என்ற பிளேயருக்குள் பிறந்து தனிக்குடித்தனம் போனது. இன்று எம்பிவி, விஎல்சி, கோடி, எஃப்எஃப்எம்பெக் ஆகிய மென்பொருள்கள் எல்லாமே, அந்தக் கரோக்கி வரிகள் எழுதப்படும் ஏஎஸ்எஸ் வகை சப்டைட்டிலை வரைய இதைத்தான் கூப்பிடுகின்றன. மூலநிரல் திறந்தே கிடக்கிறது. கல்யாண வீட்டில் பந்தியைவிடக் கோட்டையடுப்புப் பக்கம் போய் நிற்கப் பிடிக்கிறவன் நான். இங்கேயும் அப்படித்தான் போய் நின்றேன்.

முதலில் கணக்கு. ஒரு முழு ஹெச்டி ஃபிரேமில் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் நிறமும் ஒளிபுகும் அளவும் சேர்த்து 4 பைட். சப்டைட்டிலுக்கென்று முழுத்திரை அளவில் ஒரு கண்ணாடித் தாளை வைத்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக எழுதினால், நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஏறக்குறைய 20 கோடி பைட் நகர வேண்டும். அதில் பெரும்பகுதி வெறும் காலியிடம். திரையின் அடியில் இரண்டு வரி காட்ட இவ்வளவு சுமையா?

லிப்ஆஸ் தாளே வைப்பதில்லை. அது பிளேயரிடம் கொடுப்பது சிறுசிறு துண்டுகளின் சங்கிலி. ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்டென்சில் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டையில் மார்க் போடுவார்களே, அந்தத் தகடு. எந்த இடத்தில் மை எவ்வளவு இறங்க வேண்டும் என்பது மட்டும் பிக்சலுக்கு ஒரு பைட்டாக அதில் இருக்கும். என்ன நிறம், திரையில் எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் தகட்டோடு கட்டிவிட்ட சீட்டில் தனியாக எழுதியிருக்கும். உருவம் வேறு, நிறம் வேறு, இடம் வேறு. இந்த நூலகத்தின் அழகெல்லாம் இந்த ஒரு பிரிவினையிலிருந்து கிளைக்கிறது.

வரி கரைவதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுத்து மாறுகிறது. உள்ளே தகடு அப்படியே கிடக்கிறது. சீட்டில் ஒரேயொரு எண் மட்டும் ஏறி இறங்குகிறது. இதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கரோக்கி இழுப்பு. நிறம் பாதி எழுத்து வரை வந்திருக்கும்போது இரண்டு நிறத்தில் எழுத்தை மறுபடி வரைய வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். லிப்ஆஸ் வரைவதில்லை. தகடு ஒன்று, சீட்டு இரண்டு. இந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் பாடிய நிறம் என்று ஒரு சீட்டு, வலப்பக்கம் பாடாத நிறம் என்று இன்னொன்று. இரண்டும் மெமரியில் அதே தகட்டை, அதாவது அதே பிட்மேப்பைத்தான் கை காட்டுகின்றன. ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்வது அந்தக் கோடு மட்டும். ஒரு பிக்சலைக்கூடப் பிரதி எடுக்கவில்லை. முதல் தடவை இது புரிந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

தகடுகள் ஒருமுறை வெட்டியதும் கேச்சில் போய் உட்காரும். எந்த ஃபான்ட், எந்த எழுத்து, என்ன அளவு, என்ன சாய்வு, கரை எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அதன் அடையாளம். அடுத்த ஃபிரேமில் அதே எழுத்து வந்தால் வெட்ட வேண்டியதில்லை, எடுத்து வைத்தால் போதும். ஈய எழுத்துப் பெட்டியிலிருந்து அச்சுக்கோப்பவர் எடுக்கிற மாதிரி. ஒரு வரி 4 நொடி நின்றால் 96 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரியைப் படித்து அடுக்கத்தான் செய்கிறது. முடிவில் போன ஃபிரேமின் சங்கிலியோடு ஒப்பிடுகிறது. அங்கேயும் பிக்சல் பிக்சலாக அல்ல. அதே பிட்மேப் என்றால் மெமரியில் அதே முகவரி, அவ்வளவே பார்க்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் பிளேயருக்கு 0 என்று சொல்லும், இடம் மட்டும் மாறியிருந்தால் 1, உள்ளடக்கமே மாறியிருந்தால் 2. பூஜ்ஜியம் கேட்ட பிளேயர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

சரி, முதல் தடவை வெட்டத்தானே வேண்டும்? அதிலும் கைத்திறன் இருக்கிறது. ஃபான்ட் கோப்பில் ‘ழ’ என்பது வளைகோடுகளாகத்தான் இருக்கும். அதைப் புள்ளிகளாக்க வேண்டும். லிப்ஆஸ் அந்தப் பரப்பைப் பாகப்பிரிவினை செய்கிறது. இரண்டாகப் பிரி, அதை மறுபடி இரண்டாகப் பிரி. ஒரு பாகத்துக்குள் எந்தக் கோடும் நுழையவில்லை என்றால் அது முழுக்க மை அல்லது முழுக்க வெற்றிடம். ஒரே வீச்சில் தீர்த்துவிடலாம். 16 அல்லது 32 பிக்சல் சதுரம் வரை இப்படி இறங்கி வந்தபின், ஒரே கோடு குறுக்கே போனால் அதற்கொரு சுருக்கமான வழி. பல கோடுகள் மோதும் மூலைகளில்தான் முழுக் கணக்கு. வில்லங்கம் இருக்கும் இடத்துக்கு மட்டும் சர்வேயரைக் கூப்பிடுவது.

எழுத்தைச் சுற்றிய ஒளிதான் என் லேப்டாப்பைத் திணறடித்தது. அந்த ஒளி, எழுத்தை மங்கலாக்கிச் செய்வது. மங்கல் எவ்வளவு அகலமோ, ஒவ்வொரு பிக்சலும் அவ்வளவு அக்கம்பக்கத்தாரை விசாரிக்க வேண்டும். லிப்ஆஸ், அகலமான மங்கல் கேட்டால் படத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, சின்னப் படத்தில் சின்னதாக மங்கலாக்கிப் பிறகு பழைய அளவுக்கு விரிக்கிறது. மங்கப்போகிற படத்தில் நுணுக்கம் எதற்கு?

எல்லா இடத்திலும் இப்படிச் சாமர்த்தியம் காட்டியிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். இந்த நொடியில் எந்த வரி திரையில் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறது. கல்லூரியில் சொல்லித்தரும் தேடல் முறை எதுவும் கிடையாது. சில ஆயிரம் வரிகளுக்கு அது ஒரு செலவே இல்லை என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த அலட்சியமும் பிடித்திருக்கிறது.

தமிழ் சப்டைட்டில் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். கோப்பில் ‘கொ’ என்பது க, அதன்பின் ஒகரக் குறி என இரண்டு குறியீடுகள். திரையிலோ முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் கால் என மூன்று துண்டுகள் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தை லிப்ஆஸ் தானே செய்வதில்லை. ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் ஒப்படைக்கிறது (பாரசீகத்தில் ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது). இதைத் தவிர்த்து வேகமாக முடிக்கும் எளிய வழியும் லிப்ஆஸில் உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழ் சிதறிவிடும். இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதே என் கட்சி.

எம்பிவியில் சப்டைட்டிலே இல்லாத படத்தைப் போட்டாலும் லிப்ஆஸுக்கு ஓய்வில்லை. ஒலியைக் கூட்டினால் தெரியும் பட்டை, ஓடிய நேரம், சுட்டியை அசைத்தால் அடியில் எழும் பொத்தான்கள் எல்லாம் அது வரைவதுதான்.