வேதாங்கங்களில் இருக்கும் அறிவியல்

வேதத்தில் விமானம் இருந்தது, அணு இருந்தது, ஒளியின் வேகம் இருந்தது என்று சொல்லும் புத்தகங்களுக்கும் அவற்றை மறுக்கும் புத்தகங்களுக்கும் குறைவில்லை. இரு தரப்பும் மோதிக்கொள்வது பெரும்பாலும் மந்திரங்களின் பொருளைப் பற்றி. கணித வரலாற்றாசிரியர்களுக்கு உருப்படியாகக் கிடைத்ததோ வேறிடத்தில்: வேதத்தைப் பிழையின்றி ஓதவும் வேள்வியைப் பிழையின்றி நடத்தவும் தோன்றிய ஆறு வேதாங்கங்களில்.

ஜார்ஜ் திபோ 1875இல் சுல்ப சூத்திரங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தத் தேடலின் கதையைத் தொடங்கலாம். கயிறும் முளையும் கொண்டு வேள்வி மேடை அமைக்கும் முறையைச் சொல்பவை இந்நூல்கள். பௌதாயனருடையது கி.மு. 800க்கும் 500க்கும் இடைப்பட்டது. பிதாகரஸ் பெயரில் நாம் படித்த விதி அதில் தெளிவாகவே இருக்கிறது. அதைவிட என்னை வியக்க வைப்பது இரண்டின் வர்க்கமூலத்துக்கு அவர் தரும் கணக்கு. சதுரத்தின் பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அந்தப் பங்கில் நாலில் ஒன்றையும் கூட்ட வேண்டும். கடைசியாகக் கூட்டியதில் முப்பத்துநாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். விடை 1.4142157. சரியான மதிப்பு 1.4142136. பத்து மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டத்தை இப்படிக் கணக்கிட்டால், பிழை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான்.

இவ்வளவு நுட்பம் எதற்கு? பருந்து வடிவ மேடையைப் பாருங்கள். ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல். கீழடுக்கின் இணைப்புக்கு நேர்மேலே மேலடுக்கின் இணைப்பு வரக்கூடாது. பரப்பு ஏழரைச் சதுரப் புருஷம். கையை உயர்த்தி நிற்கும் எசமானரின் உயரமே ஒரு புருஷம். அடுத்த முறை கட்டும்போது வடிவம் மாறாமல் பரப்பு மட்டும் ஒரு சதுரப் புருஷம் கூட வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தையும் எவ்வளவு நீட்டுவது? சடங்கே வர்க்கமூலத்தைக் கேட்கிறது. பாபிலோனியர் இரண்டின் வர்க்கமூலத்துக்குப் பௌதாயனர் தந்ததைவிடத் துல்லியமான மதிப்பைப் பல நூற்றாண்டு முன்பே களிமண் பலகையில் எழுதியிருந்தார்கள். அதனால் பௌதாயனரின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

நூல் சொல்வதைக் கணக்கிட்டுப் பார்க்கும் இந்த வழிக்கு நேர்மாறானது, இன்றைய விடையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நூலைத் திறப்பது. 14ஆம் நூற்றாண்டில் சாயணர் ரிக்வேத உரையில் சூரியனைப் பற்றிச் சொல்லும்போது, அரை நிமிஷத்தில் 2202 யோசனை என்று ஒரு வேகத்தைக் குறிக்கிறார். யோசனையை ஏறக்குறைய 14.5 கிலோமீட்டராகவும் நிமிஷத்தை 16/75 வினாடியாகவும் கொண்டால் ஒளியின் வேகம் கிடைக்கும். யோசனையை 8 கிலோமீட்டராகக் கொள்வோரும் உண்டு. அப்போது வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பழைய விமான நூல் என்று காட்டப்படும் வைமானிக சாஸ்திரத்தை 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐவர் ஆராய்ந்தார்கள். நூல் இருபதாம் நூற்றாண்டில் உருவானது, அதிலுள்ள விமானங்கள் பறக்கக்கூடியவை அல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு. பாரதி கிருஷ்ண தீர்த்தர் மறைந்தபின் 1965இல் வெளியான ‘வேதக் கணிதம்’ நூலின் பதினாறு சூத்திரங்கள் அதர்வ வேதத்தில் இல்லை. அவை அவர் படைத்த நல்ல மனக்கணக்கு உத்திகள். அந்தப் பெருமையை அவருக்கே கொடுத்துவிடலாம்.

இயற்பியலாளர் ஷ்ரோடிங்கருக்கு உபநிடதங்கள் மீதிருந்த பற்று உண்மையானது. 1944இல் வெளியான அவருடைய நூலின் முடிவுரையே சான்று. அது அவருடைய தத்துவம். அவருடைய அலைச் சமன்பாட்டுக்கு உபநிடதம் ஆதாரமில்லை.

வேதாங்கங்களில் சந்தமும் இலக்கணமும் இன்னும் வளமான நிலங்கள். குறில், நெடிலின் அடிப்படையில் அசையை லகு, குரு என இரண்டாகப் பிரித்த பிங்கலர், ஆறு அசைக்கு 64 அமைப்புகள் வரும் என்று கணக்கிடவும், பட்டியல் முழுவதையும் எழுதாமலே அதில் எத்தனையாவது அமைப்பு எது என்று கண்டுபிடிக்கவும் வழி சொன்னார். கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுத ஜான் பேக்கஸ் வகுத்த முறைக்குச் சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று 1967இல் பீட்டர் இங்கர்மன் கேட்டார். பாணினியின் ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்களில் இரண்டு ஒரே இடத்தில் மோதினால் எது வெல்லும்? உரையாசிரியர்கள் நெடுங்காலம் விவாதித்த இந்தக் கேள்விக்கு 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வேட்டில் ரிஷி ராஜ்போபட் ஒரு விடை சொன்னார்: சொல்லின் வலப்பகுதிக்கு உரிய சூத்திரமே வெல்லும். சமஸ்கிருத அறிஞர்கள் எல்லாரும் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக உருவாக்கிப் பார்த்துத்தான் வாதிடுகிறார்கள்.