கண்மாய்க்கு என்ன டேக்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நான் முதன்முதலில் வரைந்தது ராமநாதபுரத்துக்கு அருகே ஒரு கண்மாய். போன மாதம் அதைத் திறந்து பார்த்தேன். மேற்கு எல்லையை ஏன் அந்த இடத்தில் நிறுத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை. மாற்றக் குறிப்பில் நான் எழுதியிருந்தது ஒரே சொல்: "திருத்தம்". எதைத் திருத்தினேன், எதைப் பார்த்துத் திருத்தினேன்? ஒன்றும் இல்லை. ஆபீசில் ஜூனியர் யாராவது இப்படி ஒரு கமிட் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்!

2004-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அடிப்படை எளிமையானது. ஒரு புள்ளி, கோடு அல்லது பரப்பு, அதன்மேல் டேக்குகள். டேக்குக்கு மூடிய பட்டியல் கிடையாது, தேவைப்பட்டால் புதிதாக உருவாக்கலாம். எந்த டேக்குக்கு என்ன பொருள் என்பதை விக்கியில் எழுதி வைக்கிறார்கள். இந்தச் சுதந்திரம் இல்லையென்றால் திட்டம் இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால் அந்த விக்கி அறிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எங்கள் கடலோரத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

முதலாவது கடற்கரைக் கோடு. கோடு போகும் திசையில் நிலம் இடது பக்கம், கடல் வலது பக்கம் இருக்க வேண்டும். தனுஷ்கோடி முனையை யாராவது தலைகீழாக வரைந்தால் சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டிவிடும். சரியாகும்வரை அந்த மாற்றம் வரைபடத்தில் ஏறாமல் நிற்கலாம். தவறு உடனே கடிக்கிறது. அதனால் விதியை எல்லோரும் படிக்கிறார்கள், பக்கமும் தெளிவாக இருக்கிறது.

இரண்டாவது கண்மாய். இங்கே நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால், பெரும்பாலும் கிழக்குப் பக்கம் பிறை மாதிரி கரை எடுத்திருப்பார்கள். மடை, கலிங்கு எல்லாம் அந்தக் கரையில். தண்ணீர் வரும் மேற்குப் பக்கம் கரையே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் நீர் அங்கே விரியும், பொய்த்தால் விரியாது. கோடையில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் சீமைக்கருவேலங்காடுதான் தெரியும். வெளியூர் ஆள் அதைப் புதர்க்காடு என்று குறித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கருவியும் பிழை காட்டாது.

சரி, நமக்குத் தெரியும், நாம் என்ன டேக் போடுவது? நீர்த்தேக்கத்துக்கே இரண்டு வழி. பழையது 'லேண்ட்யூஸ்=ரிசர்வாயர்'. 2011-ல் முன்மொழிந்து ஏற்கப்பட்டது 'நேச்சுரல்=வாட்டர்', அதோடு 'வாட்டர்=ரிசர்வாயர்'. இரண்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. வற்றும் நீர் என்று சொல்ல 'இன்டர்மிட்டன்ட்' டேக் தனியாக உண்டு. ஆக, டேக் இல்லாதது குறை இல்லை. எந்தப் பருவத்து நீர்மட்டத்தை எல்லையாக வைப்பது என்பது டேக்கால் தீராத கேள்வி. அதுதான் என் மேற்கு எல்லைச் சிக்கல்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கரை இல்லாத அந்தப் பக்கம்தான் ஆக்கிரமிப்புக்கு வசதியான பக்கம். வறண்ட வருஷத்துப் படத்தை வைத்து ஒருவர் எல்லையை உள்ளே தள்ளினால், கண்மாய் வரைபடத்தில் சுருங்கும். அடுத்து வருகிறவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். யார், எப்போது மாற்றினார் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கும். ஏன் மாற்றினார் என்பது நாமாக எழுதினால்தான் உண்டு.

விக்கியை விரிவாக்கினால் போதும் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. புதிதாக வருகிறவர் விக்கியைத் திறப்பது அபூர்வம். எடிட்டரில் வரும் ஆயத்தத் தேர்வுகளில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நடைமுறையில் விதியைத் தீர்மானிப்பது அந்தத் தேர்வுப்பட்டியல். விக்கி ஒன்று சொல்ல, பட்டியல் இன்னொன்று சொன்னால், பட்டியல்தான் ஜெயிக்கும். அறிவை எழுதி வைப்பது ஒரு வேலை. கை நீளும் இடத்தில் அதை வைப்பது இன்னொரு வேலை. ஓப்பன்சோர்ஸ் திட்டங்களில் முதலாவதற்கு ஆள் கிடைக்கும், இரண்டாவதற்குக் கிடைப்பது கஷ்டம்.

கண்மாயும் இப்படித்தான் பிழைத்து வந்தது. வரத்துக்கால் தூர்ந்தால் ஊரே சேர்ந்து வெட்டும். எந்த மடையை எப்போது திறப்பது என்பது நீர்பாய்ச்சிக்குத் தெரியும். தெரிந்தவர் இருந்தார், அவர் நின்ற இடம் மடை. அவர் போன ஊர்களில் மடை மட்டும் மிச்சம்.

போன வாரம் என் கண்மாய்க்குத் திரும்பப் போனேன். எல்லையைத் தொடவில்லை. வற்றும் நீர் என்று டேக் சேர்த்தேன். குறிப்பில் எழுதியது: "கிழக்குக் கரை நேரில் நடந்து பார்த்தது. மேற்கு எல்லை உத்தேசம். நிரம்பிய வருஷத்தில் சரிபார்க்க வேண்டும். கோடைப் படத்தை வைத்துச் சுருக்க வேண்டாம்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் தடவையே எழுதியிருக்கலாம்.