திறந்த கதவும் காணா மாந்தரும்: லேக்காக் சிற்றூரின் பழைய நிழற்படங்கள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

சிற்றூர் ஒன்றன் வரலாற்றை எழுத முற்படுவோர்க்குப் பழைய நிழற்படங்கள் கண்கூடான சான்றுகளாகத் தோன்றுகின்றன. எழுத்தாவணங்களை ஐயுற்று ஆராயும் அறிஞரும் நிழற்படத்தின்முன் எளிதில் உடன்பட்டுவிடுகின்றனர். இவ்வுடன்பாடு எவ்வளவு பொருத்தமானது? இங்கிலாந்தின் வில்ட்ஷியர் மாவட்டத்திலுள்ள லேக்காக் என்னும் சிற்றூரின் படங்களைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

மாளிகையின் பார்வை

லேக்காக் அபே 13ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாக எழுந்தது. 1539இல் மடம் கலைக்கப்பட்டபின் தனியார் மாளிகையாயிற்று. பிற்காலத்தில் அதற்கு உரியவராயிருந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் (1800–1877), 1835 ஆகஸ்டில் மாளிகைச் சாளரம் ஒன்றை ஒளியுணர் தாளில் பதித்தார். கேமராவால் பதிக்கப்பட்டு இன்று எஞ்சியுள்ள நெகட்டிவ்களுள் அதுவே மிகப் பழையது. 1841இல் கலோடைப் முறைக்குக் காப்புரிமை பெற்ற அவர், 1844 முதல் 1846 வரை ‘இயற்கையின் எழுதுகோல்’ எனப் பொருள்படும் நூலை ஆறு பகுதிகளாக, 24 படங்களுடன் வெளியிட்டார். ஆகவே, ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே படம்பிடிக்கப்பெற்ற ஊர்களுள் லேக்காக்கும் ஒன்று.

ஆயினும், அம்முதற்படத்தில் கேமரா நின்ற இடம் கருதத்தக்கது. அது மாளிகையின் உள்ளே நின்று சாளரத்தை நோக்குகிறது. பின்வந்த படங்களிலும் பார்வை பெரும்பாலும் நிலக்கிழாரின் பார்வையாகவே அமைந்துள்ளது. வைக்கோற்போர், ஏணி, கதவு, மடத்தின் நடைவழிகள் ஆகிய அனைத்தும் அவர் உடைமைக்குட்பட்ட காட்சிகளே.

மாந்தர் இல்லாத ஊர்

மேற்குறித்த நூலின் 24 படங்களுள் மனிதர் காணப்படுவது ‘ஏணி’ என்னும் ஒரு படத்தில் மட்டுமே. அக்காலத்தில் ஒளிபடும் நேரம் நீண்டிருந்தமை இதற்கொரு காரணமாகும். எனினும், அசையாது நிற்கும் மாந்தரைக் குழுவாகவும் படமெடுக்க இயலும் என்பதை டால்பட்டே எடுத்துரைத்துள்ளார். எனவே, கருவியின் குறை மட்டும் இவ்வின்மையை விளக்கப் போதாது.

அக்கால வில்ட்ஷியர் அமைதியான நாட்டுப்புறமாக இருந்ததில்லை. 1830இல் உழவுத் தொழிலாளர் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கிளர்ந்தெழுந்த மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. 1834இல் வந்த புதிய ஏழையர் சட்டம் வறியோரை உழைப்பில்லங்களை நோக்கித் தள்ளிற்று. வயல்வேலை செய்த பெண்கள், சிறுவர்களின் நிலைபற்றி 1843இல் வெளிவந்த அரசு அறிக்கை இம்மாவட்டத்தையும் ஆராய்ந்தது. இவற்றுள் எதன் சுவடும் படங்களில் வெளிப்படவில்லை. ‘திறந்த கதவு’ (1844) படத்தில் வாயிலருகே ஒரு துடைப்பம் சாய்ந்து நிற்கிறது. சுவரில் விளக்கும் கடிவாளமும் தொங்குகின்றன. அன்றாட எளிய காட்சிகளைப் பாடுபொருளாகக் கொள்வதற்கு டச்சு ஓவிய மரபை டால்பட் சான்றாகக் காட்டுகிறார். பெருக்கியவரின் உழைப்பு இங்கே ஓவிய அழகாக மாறிவிடுகிறது.

டால்பட் ஊர் வரலாறு எழுதப் புகவில்லை என்பதையும் மறத்தலாகாது. அவரது நாட்டம் கலையிலும் வேதியியலிலும் இருந்தது. குறை படங்களில் இல்லை. அவற்றை ஊரின் முழு வரலாறாகக் கொள்ளும் பிற்கால வாசிப்பில்தான் உள்ளது.

எண்ணாமல் பதிந்தவை

இப்படங்களின் உண்மையான வரலாற்று மதிப்பு, எடுத்தவர் கருதாமலே பதிந்துவிட்ட நுண்கூறுகளில் உள்ளது எனலாம். ‘வைக்கோற்போர்’ படத்தில் போரின் ஒரு பகுதி செங்குத்தாக அறுத்தெடுக்கப்பட்டுள்ளது. ஏணியொன்று அதன்மேல் சாய்ந்துள்ளது. கால்நடைக்குத் தீனி வேண்டி ஒருவர் ஏறி, கத்தியால் அளவாக அறுத்து, சுமந்து சென்றிருக்கிறார். ஆள் இல்லை, வேலை நடந்த தடம் இருக்கிறது. எந்த ஓவியரும் மெனக்கெட்டு வரையாத நுணுக்கங்களையும் ஒளி பதித்துவிடும் என்றும், படமெடுத்தவரே அறியாதவை பின்னர் அதில் கண்டறியப்படலாம் என்றும் டால்பட் குறிப்பிடுவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவ்வகையில், தம் படங்களை எவ்வாறு வாசிக்கவேண்டும் என்பதற்கான திறவுகோலை அவரே தந்துள்ளார்.

படமாகிய ஊர்

நிழற்படம் ஊரைக் காட்டியதோடு நில்லாமல் ஊரை வடிவமைக்கவும் தொடங்கியது. ரைகேட் நகரில் 1860இல் பிரான்சிஸ் ஃபிரித் தொடங்கிய நிறுவனம் நாட்டின் ஊர்களையெல்லாம் படமெடுத்து விற்றது. 1897இல் பெஞ்சமின் ஸ்டோன் நிறுவிய தேசிய நிழற்படப் பதிவுக் கழகம், மறையும் வழக்கங்களைப் பதிந்து பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சேர்த்தது. மாறாத நாட்டுப்புறம் என்னும் கருத்து இத்தகைய முயற்சிகளால் வலுப்பெற்றது.

1944இல் மட்டில்டா டால்பட் மாளிகையையும் ஊரின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிற்கு வழங்கினார். பழைய வீடுகள் காக்கப்பட்டமை பெரும்பேறே. ஆனால், பழந்தோற்றம் கெடாதிருந்தமையால் ஊர் படப்பிடிப்புத் தளமாகவும் ஆயிற்று. 1995இல் ஒளிபரப்பான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரில் லேக்காக்கின் தெருக்கள் மெரிட்டன் என்னும் கற்பனையூராயின. பழைய நிழற்படங்களின்பால் எழுந்த பெருவிருப்பை ரஃபேல் சாமுவேல் தம் 1994ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்விருப்பத்தின் மறுபக்கத்தை இங்கே காண்கிறோம். முன்பு ஊரைப் பார்த்துப் படம் எடுத்தனர். இன்றோ படத்திற்கு ஒத்திருக்குமாறு ஊர் பேணப்படுகிறது.

முடிவுரை

பழைய நிழற்படத்தை வகுப்பறையில் முன்வைக்கும் ஆசிரியர், யார் எடுத்தார், எங்கே நின்று எடுத்தார், யாருக்காக எடுத்தார் என்னும் மூன்று வினாக்களையும் உடன் வைத்தல் வேண்டும். பிற ஆவணங்களோடு அதனை ஒப்புநோக்கவும் வேண்டும். டால்பட் காப்புரிமை பெற்ற அதே 1841ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு, இங்கிலாந்து மக்களை நாடு முழுவதும் பெயர்பெயராகப் பதிந்தது. லேக்காக்கின் உழவரும் பணிப்பெண்களும் அதில் பெயரளவில் உள்ளனர், முகம் இல்லை. படங்களில் அவர்தம் ஏணியும் துடைப்பமும் உள்ளன, பெயர் இல்லை. இவ்விரு தாள்களையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் அத்திறந்த கதவின்வழி ஊர் மக்கள் நமக்குத் தென்படத் தொடங்குவர்.